இளமைத் தெரிவும் அதன் விலையும்

நாயாற்று முகத்துவாரத்திலிருந்து வடக்கே செல்லும் வீதி செம்மலை, அளம்பில், முல்லைத்தீவு முதலிய ஊர்களைக் கடந்து, வட்டுவாகல் பாலத்தின் வழியே முள்ளிவாய்க்காலை அடைகின்றது. இக்கரையில் நின்று கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் இவ்வீதியை மறந்து பேசுதல் இயலாது.

இளமையில் செய்யும் தெரிவே விசுவாச வாழ்வின் அடித்தளம் என்பது கிறிஸ்தவ இலக்கியத்தின் பழைய கருத்து. கி.பி. 400ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட அகுஸ்தினாரின் ‘அறிக்கைகள்’ இக்கருத்தின் தலையாய நூல். புனிதர் சரிதங்கள் பல, தெய்வ அழைப்பை ஒரு கணத்து அற்புதமாக்கி முடித்துவிடுகின்றன. அகுஸ்தினார் அவ்வாறு செய்யவில்லை. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் மனம் மாறியவர், ஆயரான பின்னரும் தம்மை அலைக்கழிக்கும் சோதனைகளைப் பத்தாம் பாகத்தில் மறையாது கூறுகின்றார். தெரிவு ஒருநாட் செயலன்று. நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது என்பதே இதன் பொருள். நூலின் பெருமை இங்குதான் உள்ளது.

ஆயினும், நூல் அழுத்திச் சொல்லாத இரு செய்திகளை நாம் சுட்டிக்காட்டியாக வேண்டும். அவர் பதினாறாம் வயதிற் பேரிக்காய் திருடியது, தந்தையிடம் பணமின்மையாற் படிப்பு நின்றிருந்த ஆண்டில். பின்னர் அவர் கல்வி தொடர உதவியவர் ரோமானியானுஸ் என்னும் செல்வர். தெரிவு செய்யும் உரிமைக்கும் ஒரு பொருளியல் அடித்தளம் உண்டு அன்றோ! அடுத்து, 10 ஆண்டுகளுக்கு மேல் அவரோடு வாழ்ந்து மகனையும் ஈன்ற பெண், உயர்குடியில் மணம் பேசப்பட்டதால் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். தம் நெஞ்சில் இரத்தம் கசிந்ததை எழுதியவர், அவள் பெயரை எழுதவில்லை. ஒருவருடைய இளமைக்கு மற்றொருவர் விலை கொடுத்தார்.

இவ்விரு கேள்விகளோடும் நம் கரைக்குத் திரும்புவோம். 2009இல் வலைஞர்மடம் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த நூற்றுக்கணக்கான இளைஞரையும் யுவதிகளையும் விடுதலைப் புலிகள் பலவந்தமாகப் போருக்குக் கொண்டு சென்றனர். வெளியே அரச படையின் எறிகணைகள். அவ்விளைஞருக்குத் தெரிவு எங்கே இருந்தது? அவர்களிடம் சென்று இளமைத் தெரிவின் மகிமையைப் போதிப்பது எத்துணைக் கொடுமை!

அதே ஆண்டு மே 18ஆம் நாள், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், சரணடைந்தோருடன் படையினரிடம் சென்றார். அதன்பின் அவர் காணாமலாக்கப்பட்டார். இளமையிற் குருத்துவத்தைத் தெரிந்தவர், முதுமையிலும் மக்களை விட்டு விலகாதிருக்கத் தெரிந்தார். முதல் தெரிவின் பொருளை இறுதித் தெரிவே விளக்கிற்று. இங்கே விலையைப் பிறர்மீது சுமத்தாமல் தாமே ஏற்றார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

விசுவாசியாயினும் அல்லராயினும், இத்தகைய சரிதங்களை மதிப்பிட நமக்கு இரண்டு அளவுகோல்கள் போதும். தெரிவு செய்யும் வாய்ப்பை அவருக்கு அளித்தது எது? அத்தெரிவுக்கு விலை கொடுத்தவர் யார்? இவற்றுக்கு விடை கூறாத சரிதம், எத்துணைப் பக்தியோடு எழுதப்பட்டாலும், பாதி உண்மையே. மறுபாதியை எழுதும் பொறுப்பு, அவ்வீதியில் நடந்து மீண்ட தலைமுறையுடையது. அதற்குரிய கல்வியையும் அச்சமற்ற சூழலையும் அவர்களுக்குத் தேடிக்கொடுப்பது நமது கடமை.