டேவிட் ஸ்மித்: இரும்பும் வர்ணமும்

நாவல் எழுதுகிறவன் சிற்பத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். சிற்ப சாஸ்திரம் எனக்குத் தெரியாது. அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித்தின் சிற்பங்களில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் புத்தகங்களில் அச்சான படங்கள்தாம். ஆனாலும் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். அவர் இறந்த பிறகு அவருடைய சிற்பங்கள் சிலவற்றுக்கு நேர்ந்த கதி, எழுத்தைத் தொழிலாகக் கொண்ட எவனையும் கொஞ்சம் தூக்கம் கெடச் செய்கிற விஷயம். அதைச் சொல்வதற்கு முன், மனிதர் யார், என்ன செய்தார் என்று சொல்லிவிட வேண்டும்.

1906ல் இண்டியானா மாகாணத்தில் டெக்கேட்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஸ்மித். தகப்பனார் டெலிபோன் கம்பெனி என்ஜினீயர். தாயார் பள்ளிக்கூட ஆசிரியை. கல்லூரிப் படிப்பு அவருக்குச் சரிப்படவில்லை. ஓஹையோவில் ஒரு வருஷம். நோட்டர் டேம் சர்வகலாசாலையில் இரண்டே வாரம். 1925 கோடையில் சௌத் பெண்டில் இருந்த ஸ்டூடிபேக்கர் மோட்டார் தொழிற்சாலையில் தொழிலாளியாக வேலை பார்த்தார். இரும்பை வெட்டவும் இணைக்கவும் கை பழகியது அங்கேதான். சிற்பியாக வேண்டும் என்ற எண்ணம் அப்போது இருந்ததாகத் தெரியவில்லை. மறு வருஷம் நியூயார்க்குக்கு வந்து அவர் படித்ததும் ஓவியம்தான்.

பாரிஸிலிருந்து வந்துகொண்டிருந்த 'காயே தார்' என்ற பத்திரிகை அவர் பாதையை மாற்றியது. பிக்காஸோவும் அவருடைய ஸ்பானிய நண்பர் ஹூலியோ கொன்ஸாலெஸும் சேர்ந்து இரும்பைப் பற்றவைத்துச் செய்த சிற்பங்களின் படங்கள் அதில் வெளிவந்தன. ஸ்மித்துக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. படங்களே போதுமானவையாக இருந்தன. (படத்தைப் பார்த்துவிட்டு எழுதலாமா என்று எனக்கிருந்த தயக்கம் இதைப் படித்ததும் ஓரளவு குறைந்துவிட்டது.)

அந்தப் படங்களில் அவர் கண்டது என்ன? கல்லைச் செதுக்குகிறவன் இருப்பதிலிருந்து குறைத்துக்கொண்டே போகிறான். ஒரு முறை போன சில் திரும்பி வராது. வெண்கலம் வார்க்கிறவன் முதலிலே முடிவு செய்துவிட்ட உருவத்துக்குக் கட்டுப்பட்டவன். பற்றவைக்கிறவனோ துண்டோடு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். சரிப்படாவிட்டால் அறுத்தெடுத்து வேறோர் இடத்தில் வைக்கலாம். நடுவில் விட்ட வெற்றிடத்தையும் உருவத்தின் ஓர் அங்கமாக்கிக் கொள்ளலாம். எழுதி, அடித்து, மறுபடி எழுதிப் பழகியவனுக்கு இந்த முறையின் சௌகரியம் உடனே புரிந்துவிடும். தொழிற்சாலையில் சம்பளத்துக்காகக் கற்ற கைவேலையே தனக்குக் கலைக் கருவியாக முடியும் என்பது ஸ்மித்துக்கும் உடனே புரிந்திருக்க வேண்டும். 1933ல் முதல் இரும்புச் சிற்பங்களைச் செய்தார்.

நெருப்பை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வேலை செய்ய முடியாதே! புரூக்ளின் துறைமுகக் கரையில் 'டெர்மினல் அயர்ன் ஒர்க்ஸ்' என்று ஓர் இரும்புப் பட்டறை இருந்தது. அங்கே ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்தார். 1940ல் நியூயார்க் நகரத்தை விட்டு, வடக்கே ஜார்ஜ் ஏரிக்கு அருகில் போல்டன் லாண்டிங் என்ற இடத்தில் தாம் முன்பே வாங்கியிருந்த பண்ணைக்கு நிரந்தரமாகக் குடிபோனபோது, அங்கே கட்டிய தம் சொந்தப் பட்டறைக்கும் அதே பெயரைத்தான் வைத்தார். கலாமந்திரம் என்றோ சிற்பக்கூடம் என்றோ பெயர் வைக்கத் தோன்றவில்லை பாருங்கள். எனக்கு மனிதரைப் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம்.

1937க்கும் 1940க்கும் இடையில் 'அவமானப் பதக்கங்கள்' என்று 15 வெண்கலப் பதக்கங்கள் செய்தார். யுத்தத்தையும் அதில் லாபம் பார்க்கிறவர்களையும் சாடுகிற வேலை. நல்ல மனிதர் செய்த நல்ல காரியம்தான். ஆனால் கலை என்ற முறையில் எனக்கு அவற்றைப் பற்றி உயர்ந்த அபிப்ராயம் இல்லை. கருத்து முன்னால் வந்து நின்றுகொண்டு உருவத்தை மறைக்கிறது. யுத்தத்தை அவ்வளவு வெறுத்தவர் 1942 முதல் 1944 வரை ஸ்கெனெக்டடி நகரில் அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனியில் ரயில் என்ஜின்களையும் டாங்கிகளையும் பற்றவைத்துக் கொண்டிருந்தார் என்பது காலத்தின் வேடிக்கை.

என் ரஸனைக்கு அவருடைய மிகச் சிறந்த சிருஷ்டி 1951ல் செய்த 'ஹட்ஸன் நதி நிலக்காட்சி'. ஆல்பனிக்கும் பொக்கீப்ஸிக்கும் இடையே ரயில் நதியை ஒட்டியே போகிறது. அந்த ரயிலில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்ததை ஸ்மித் கோட்டுப் படங்களாகப் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் வரைந்துகொண்டிருக்கும்போது மைப் புட்டியைக் குலுக்கினார். மை கையெல்லாம் தெறித்தது. பார்த்தால், அதுவும் தம் நதிக்காட்சி மாதிரியே இருந்ததாம்! கையைக் காகிதத்தில் பதித்து, அந்தத் தடத்திலிருந்து மேலே வேலையைத் தொடர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

சிற்பம் ஆறடிக்குச் சற்று அதிக அகலம். ஆனால் கனம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. எஃகுக் கோடுகள் வளைந்து, முடிச்சிட்டு, படிக்கட்டு மாதிரி ஏறி, மேகம் மாதிரி சுருண்டு, எங்கெங்கோ போகின்றன. நதி எது, கரை எது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஓடுகிற ரயிலிலிருந்து பார்க்கிறவனுக்கும் அப்படித்தானே? ஒன்றைப் பார்த்துத் தீர்மானிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. சிற்பம் என்றால் ஓர் இடத்தில் நிலையாக நிற்பது என்று நினைத்துப் பழகியவர்களுக்கு, பிரயாணத்தையே நிறுத்தி வைத்துக் காட்டுகிற இந்தக் காரியம் முதலில் திகைப்பாக இருக்கும். நாவலில் ஒரு நீண்ட பொழுது நகர்வதைச் சொல்ல முயன்று தோற்றவர்கள், இதைச் சற்றுப் பொறாமையுடன் பார்ப்பார்கள்.

1962ல் இத்தாலியில் ஸ்பொலேட்டோ நகரத்துக் கலை விழாவுக்காகச் சிற்பம் செய்துதரும்படி அவரை அழைத்தார்கள். ஜெனோவாவுக்குப் பக்கத்தில் வோல்ட்ரி என்ற ஊரில், மூடிக்கிடந்த ஓர் எஃகுத் தொழிற்சாலையை இடால்ஸிடர் கம்பெனியார் அவருக்குத் திறந்துவிட்டார்கள். உதவிக்கு ஆட்களையும் கொடுத்தார்கள். எதிர்பார்த்தது ஒன்றோ இரண்டோ. 30 நாட்களில் 27 சிற்பங்கள் செய்து முடித்தார் ஸ்மித். அந்தக் கட்டடத்தில் கிடந்த குறடுகள், சக்கரங்கள், தகட்டுத் துண்டுகள், தள்ளுவண்டிகள் எல்லாம் சிற்பங்களுக்குள் புகுந்துகொண்டன. ஸ்பொலேட்டோவின் பழைய ரோமானிய நாடக அரங்கத்துக் கல் படிகளில் அவற்றை நிறுத்தி வைத்திருக்கிற புகைப்படங்களைப் பார்த்தால், விட்டுப்போன தொழிலாளிகள் வேலைநேரம் முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்களோ என்று தோன்றும். மிச்சமிருந்த கருவிகளைப் பெட்டியில் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பி, ஊருக்குப் போய் அவற்றை வைத்து இன்னொரு வரிசையே செய்தார்.

உலகம் அவரைக் கொண்டாடுவது 'க்யூபி' என்ற வரிசைக்காக. மொத்தம் 28. நம் வீட்டில் எவர்சில்வர் என்று சொல்கிறோமே, அந்த உலோகத்தில் பெட்டிகளும் உருளைகளும் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக, விழப்போகிற மாதிரியும் விழாத மாதிரியும் அடுக்கியவை. சாணைச் சக்கரத்தால் மேற்பரப்பைக் கிறுக்கலாகத் தேய்த்துவிட்டிருப்பதால், மாலை வெயிலில் ஒரு நிறமும் மேகமூட்டத்தில் ஒரு நிறமும் காட்டும் என்கிறார்கள். இந்த அழகு படத்தில் பாதிதான் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியும், க்யூபி எனக்கு மரியாதையைத் தருகிறதே தவிர நெருக்கத்தைத் தரவில்லை. 'க்யூபி 28' 2005ல் ஏலத்தில் சுமார் 2 கோடியே 38 லட்சம் டாலருக்குப் போயிற்று. உயிரோடிருந்தபோது ஸ்மித் விற்றது சொற்பம். விற்காதவற்றைப் பட்டறையைச் சுற்றியிருந்த வயலில் வரிசையாக நட்டு வைத்திருந்தார். பனியும் மழையும் மலையும் பின்னணியாக, தாமே காமிராவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிரசுரமாகாத கைப்பிரதிகளைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிற எழுத்தாளனைவிட, இது ஆரோக்கியமான வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவரோடு வாழ்வது சுலபமாக இருக்கவில்லை. முதல் மனைவி டோரதி டேனர் தாமும் ஒரு கலைஞர். 1927ல் கல்யாணம், 1950ல் போல்டன் லாண்டிங்கை விட்டுப் போய்விட்டார், 1952ல் விவாகரத்து. டேனர் சிற்பம் செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகு, தம் ஐம்பதுகளில். 1994 வரை வாழ்ந்து நிறையச் செய்தார். ஒரு வீட்டில் ஒரு சிற்பிக்குத்தான் இடமிருந்தது போலும். ஸ்மித்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப்போவது சரியில்லை.

இனி வர்ணத்துக்கு வருகிறேன். ஸ்மித் தம்மை ஓவியனாகவும் எண்ணியவர். இரும்பின்மேல் வர்ணம் பூசுவதை அவர் கடைசி வரையில் விடவில்லை. இது பலருக்குப் பிடிக்கவில்லை. படங்களில் பார்த்த அளவில், அந்த வர்ணங்களில் சில எனக்கும் பிடிக்கவில்லை. நல்ல உருவத்துக்குப் பொருந்தாத சட்டை போட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் அவருக்கு அது விளையாட்டல்ல. '17 எச்' என்று 1950ல் சிவப்பு வர்ணம் பல பூச்சுப் பூசி ஒரு சிற்பம் செய்திருந்தார். அது கைமாறிக் கைமாறிப் போனதில், யாரோ வர்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். 1960ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார் ஸ்மித். இது அழிம்பு வேலை. இனி இது என் சிற்பமல்ல. என் பெயரை இதற்குச் சூட்டக்கூடாது. கலைஞர்களைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும் — கடிதத்தின் சாரம் இது. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

1965 மே 23ந் தேதி, வெர்மாண்டில் பென்னிங்டனுக்கு அருகே மோட்டார் விபத்தில் அவர் இறந்தார். வயது 59. இரண்டாம் மனைவி மூலம் இரண்டு சிறு பெண்கள். சொத்தை நிர்வகிக்க மூன்று பேர்: ஒரு வக்கீல், ஓவியர் ராபர்ட் மதர்வெல், விமர்சகர் கிளமெண்ட் கிரீன்பெர்க். கிரீன்பெர்க் சாதாரண ஆள் அல்ல. 1940களில், ஸ்மித்தை அதிகம் பேர் கவனிக்காத காலத்திலேயே, அமெரிக்காவின் தலைசிறந்த சிற்பி என்று எழுதியவர். ஆனால் ஸ்மித்தின் வர்ணம் அவருக்குப் பிடிக்காது. அதையும் எழுதியிருக்கிறார்.

ஸ்மித் இறந்தபோது வயலில் சில சிற்பங்கள் வெள்ளைப் பூச்சோடு நின்றன. மேலே வேறு வர்ணம் பூசுவதற்காக வைத்த முதல் பூச்சா, அல்லது வெள்ளையாகவே விட எண்ணமா — சொல்ல ஆள் இல்லை. கிரீன்பெர்க்கின் பொறுப்பில் இருந்த காலத்தில் அவற்றில் சிலவற்றின் வெள்ளை நீக்கப்பட்டது. வர்ணம் பூசிய வேறு சில, வெயிலிலும் மழையிலும் உரிந்து துருவேற விடப்பட்டன. 1974ல் ரோஸலிண்ட் க்ராஸ் என்ற விமர்சகர் முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்களோடு 'ஆர்ட் இன் அமெரிக்கா' பத்திரிகையில் இதை அம்பலப்படுத்தினார். பெரிய சண்டை மூண்டது. வெள்ளை வெறும் முதல் பூச்சுத்தான், சிற்பங்கள் முடிவு பெறாதவை என்பது கிரீன்பெர்க் தரப்பு.

முடிவு பெறாதவை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவற்றை முடிக்கிற உரிமை விமர்சகருக்கு எப்படி வந்தது? விமர்சகன் ஒரு படைப்பைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். நூறு பக்கம் எழுதலாம். நான் அவனை மதிப்பேன். அவன் கையில் சுரண்டுகத்தியைக் கொடுக்கிற உலகத்தை எனக்குப் பிடிக்கவில்லை. அதிலும், எதிரி செய்திருந்தால் புரிந்துகொள்ளலாம். ஆழ்ந்து ரஸித்தவர், ரஸனையின் பெயராலேயே செய்தார் என்பதுதான் பயமாக இருக்கிறது. செத்துப்போன நாவலாசிரியனின் கைப்பிரதியிலிருந்து தமக்கு உவக்காத அத்தியாயத்தை நீக்கிவிட்டு, அவன் பெயரிலேயே அச்சேற்றுகிற நண்பரைப் போல. அங்கேயாவது கைப்பிரதி எங்காவது பிழைத்துக்கிடந்தால், பின்னால் வருகிறவர் சரியான பதிப்புப் போட்டுவிடலாம். சிற்பம் ஒரே பிரதி. சுரண்டிய வர்ணத்தை மறுபடி பூசினாலும் அது பூசியவன் கை வேறுதான்.

ஸ்மித் கேட்ட சட்டம் அமெரிக்காவில் 1990ல் வந்தது. உயிரோடிருக்கும் வரையில்தான் அது கலைஞனைப் பாதுகாக்கிறது. 1965க்கு முன்பே இருந்திருந்தாலும், வயலில் நின்ற அந்த வெள்ளைச் சிற்பங்களுக்கு உதவியிராது. 2017ல் நியூயார்க் மாகாணத்து ஸ்டார்ம் கிங் கலை மையத்தில், அவருடைய வெள்ளைச் சிற்பங்களை மட்டும் சேர்த்துப் புல்வெளியில் நிறுத்தி ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதன் படங்களைப் பார்த்தேன். வெள்ளை எனக்கு உறுத்தவில்லை. பச்சைப் புல்லுக்கும் வானத்துக்கும் நடுவில், இரும்பு என்ற நினைவே வராமல் நிற்கின்றன.

ஸ்மித்தைப் புதிதாகப் பார்க்க விரும்புகிற வாசகர்கள் க்யூபியில் ஆரம்பிக்க வேண்டாம். நியூயார்க் விட்னி மியூசியத்தில் இருக்கிற ஹட்ஸன் நதியின் படம் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள், பிறகு வோல்ட்ரி. வர்ணம் பூசியவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பிடிக்காமல் போனாலும் போகட்டும்.