555 என்றால் மூன்று

"அம்மா, நீ கட்டாயம் வரணும்" என்று மகள் ஒரு வாரமாக நச்சரித்தாள். கும்பகோணத்தில் அவள் படிக்கிற கல்லூரியில் உளவியல் துறை நடத்தும் விருந்தினர் விரிவுரை, பெற்றோரும் வரலாமாம். மார்கழியில் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் கவுன்ட்டரில் இருக்கிறேன். சம்பா வயலில் கதிர் முற்றிக்கொண்டிருக்கும், வீட்டில் காசு வற்றிப்போயிருக்கும், கழுத்தில் கிடப்பதெல்லாம் கவுன்ட்டருக்கு வந்துவிடும். எப்படியோ லீவு போட்டுவிட்டுப் போனேன். போகாமல் இருந்திருந்தால்? நினைத்தாலே பதறுகிறது. அப்படி ஒரு நாள் அது!

சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியை வணக்கம் சொன்ன கையோடு திரையில் மூன்று எண்களைக் காட்டினார். 5 5 5. "என்ன எண் என்று சொல்ல வேண்டாம், எத்தனை எண்கள் இருக்கின்றன என்று மட்டும் சொல்லுங்கள். சட்டென்று!" அரங்கம் மொத்தமும் "அஞ்சு" என்று கத்தியது. நானும்தான். விடை மூன்று. கண் பார்த்ததை வாய் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. அதை ஒரு நொடி பிடித்து நிறுத்தி எண்ண வேண்டும். அப்படிப் பிடித்து நிறுத்த மனசில் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும் என்றார் அவர். அந்த வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. இதே சோதனையை நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடத்தியிருக்கிறார்கள்! விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 விவசாயிகள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ என்ற நான்கு பேர் செய்த ஆய்வு, 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. ஒரே விவசாயியை அறுவடைக்கு முன்னால் ஒரு தடவை, கரும்புப் பணம் கைக்கு வந்த பின்னால் ஒரு தடவை உட்கார வைத்தார்கள். இந்த எண் விளையாட்டு ஒன்று, விட்டுப்போன கட்டத்தில் எந்தப் படம் பொருந்தும் என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. அதே ஆள், அதே மூளை. ஆனால் அறுவடைக்கு முன்னால் தப்பு அதிகம், நேரமும் அதிகம். பணம் வந்த பிறகு விடைகள் பளிச்சென்று வந்தன.

ஏன் கரும்பு என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன அருமையான கேள்வி! ஆலை எல்லாருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு கொடுப்பதில்லை; மாதக்கணக்கில் முறை போகும். அதனால் ஒரே வாரத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும், பக்கத்துக் கொல்லைக்காரர் கையில் இருக்காது. வெயில், மழை, பண்டிகை மேல் பழி போட முடியாது. சாப்பாடு குறைவா, உடம்பு அலுப்பா என்றும் பார்த்திருக்கிறார்கள். அவற்றால் இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. பணக் கவலையே மனசின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

பிறகு அவர் ஒரு கணக்கைக் காட்டினார். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 பேர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த 78 பேரை எனக்குத் தெரியும். அடங்கலை வீட்டில் வைத்துவிட்டு சிட்டாவை மட்டும் எடுத்து வருகிறவர்கள், கையெழுத்தைக் கட்டம் மாற்றிப் போடுகிறவர்கள், மீட்கும் தேதியை மூன்று தடவை கேட்கிறவர்கள். "கவனமா இருங்கய்யா" என்று எத்தனை பேரிடம் சலித்துக்கொண்டிருக்கிறேன்! அவர்கள் கவனம் பூராவும் வயலிலும் வட்டியிலும் கிடந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு நெல்லுக்கு வந்தார். நம் ஊர் என்பதற்காகவே எடுத்து வந்தாராம். ரயில், பஸ், தண்டவாளம்: இதில் எந்த இரண்டு சேரும்? நான் யோசிக்காமல் ரயிலையும் தண்டவாளத்தையும் சேர்த்தேன். மகள் ரயிலையும் பஸ்ஸையும் சேர்த்தாள், இரண்டும் வண்டிதானே என்றாள். தாமஸ் டால்ஹெல்மும் கூட்டாளிகளும் சீனாவில் 1,162 மாணவர்களிடம் இப்படிச் சோதித்து 2014இல் எழுதினார்கள்: நெல் விளையும் பகுதிப் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று உறவுள்ளதைச் சேர்ப்பது அதிகம், கோதுமைப் பகுதியில் ஒரே இனத்தைச் சேர்ப்பது அதிகம். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும், பக்கத்து வயல்காரரை அனுசரிக்காமல் தண்ணீர் வராது, நடவுக்கு நாலு கை வேண்டும். அந்தப் பழக்கம் சிந்தனையிலும் படிகிறது என்பது அவர்கள் வாதம். இதை எல்லாரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை என்று பேராசிரியை நேர்மையாகவே சொன்னார். சொல்லட்டும். அரசலாற்று வாய்க்காலில் முறைத் தண்ணீருக்கு ராத்திரி மண்வெட்டியோடு காவல் நின்ற அப்பாவின் மகளுக்கு அது சிலிர்க்காதா!

கடைசி ஒரு மணி நேரம் மூளை. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, சிலருடைய வலியைத் தணித்த கதை. ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி': கருப்பருவச் சிசு மூளைகளை 5,132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாக ஒரு நாள் முழுக்கக் கேட்பேன். திரும்பக் கூப்பிடுங்கள் என்று துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டே வந்தேன்.

மறுநாள் காலையிலேயே கவுன்ட்டரில் பென்சில் எடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்திலெல்லாம் பெருக்கல் குறி. மீட்கும் தேதியைத் தீப்பெட்டி அளவு எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில். கொண்டுவர வேண்டிய பத்திரங்களின் பட்டியல் வாசலிலேயே.

தை கடைசியில், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுவிட்டு ஒரு பெரியவர் சங்கிலியை மீட்க வந்தார். மார்கழியில் மூன்று தடவை தேதி கேட்டவர். காகிதத்தில் 8 8 8 8 என்று எழுதி, "எத்தனை எண் இருக்கு, சட்டுன்னு சொல்லுங்கய்யா" என்றேன்.

"நாலு" என்றார். "எதுக்கும்மா கேக்குற?"