மெய்ம்மையும் கடுமையும்: காரோட்டப் பாவனை விளையாட்டுகள் பற்றிய ஒரு திறனாய்வு

கலை உலகைப் போலச்செய்கிறது என்பது பழைய கொள்கை. எந்த அளவிற்குப் போலச்செய்தால் அது சிறக்கும் என்பது அக்கொள்கையோடு உடன்பிறந்த வினா. தொல்காப்பியர் அகத்திணையியலில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டனையும் கூறி, இரண்டும் இயைந்த நெறியையே புலனெறி வழக்கம் என்றார். உள்ளதை உள்ளவாறே அடுக்குதலும் பாட்டாகாது. இல்லதனை மட்டும் புனைதலும் பாட்டாகாது என்பது இதனாற் பெறப்படும். செய்யுளில் எழுந்த இவ்வினா ஓவியத்திலும் திரைப்படத்திலும் எழுந்தது. இன்று கணினி விளையாட்டிலும் எழுந்துள்ளது. ‘சிமுலேஷன்’ எனப்படும் காரோட்டப் பாவனை விளையாட்டுகளைக் கொண்டு அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விளையாட்டுகளில் தோய்ந்தவரிடையே ஒரு கருத்து வேரூன்றியுள்ளது. வண்டியை ஆளுதல் எவ்வளவு கடினமோ அவ்வளவுக்கு அவ்விளையாட்டு மெய்ம்மை உடையது என்பதே அது. எளிதில் வளையும் வண்டி சிறுவர்க்கு உரியது. தொட்டவுடன் சுழலும் வண்டியே உண்மை வண்டி என்பர். இக்கருத்துப் பொருந்தாது என்பது என் துணிபு. கடுமை மெய்ம்மையின் விளைவாக வரலாம்; மெய்ம்மைக்கு அளவுகோல் ஆகாது.

இவ்வெண்ணத்தை என்னுள் எழுப்பிய நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஆய்வு மாணவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர் தம்பி மேசையில் ஸ்டீயரிங்கும் காலடியில் மிதிகளும் பொருத்தி, ‘அசெட்டோ கோர்சா’ என்னும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். சங்ககிரியிலிருந்து வந்திருந்த அவர்தம் தாய்மாமனையும் ஓட்டிப் பார்க்குமாறு அழைத்தார். மாமன் முப்பது ஆண்டுகளாக லாரி ஓட்டுபவர். தொப்பூர்க் கணவாயில் பாரவண்டியை இறக்கிப் பழகியவர். அவர் முதல் வளைவிலேயே சுழன்று புல்வெளியில் நின்றார். மும்முறை முயன்றும் அவ்வாறே ஆயிற்று. “விளையாட்டு அவ்வளவு ரியல், மாமா!” என்றார் இளைஞர். “வண்டி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறதே, மாப்பிள்ளை” என்றார் மாமன். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு திறனாய்வுகள் பிறந்தன. பந்தயக் கார் வேறு, லாரி வேறு என்பது உண்மையே. ஆயினும் மாமன் குறை கண்டது வண்டியின் விரைவில் அன்று, அதன் மௌனத்தில்.

வண்டி சொல்லுதலாவது யாது? டயர் தரையைப் பற்றும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. வளைவில் டயர் தான் நோக்கும் திசையிலேயே செல்வதில்லை. சிறிது விலகியே செல்கிறது. அவ்விலகல் மிகுந்தோறும் பிடிப்பும் மிகுந்து, ஓர் உச்சத்தை அடைந்தபின் குறையத் தொடங்குகிறது. பிரேக்கை மிதித்தால் பளு முன் சக்கரங்களின்மேல் மாறும். பின் சக்கரங்கள் பளு குறைந்து பிடிப்பு இழக்கும். ஆதலின் வளைவின் இடையே திடீரென மிதிப்பவனது வண்டி சுழலும். இவை இயற்கை விதிகள். இவற்றைக் கணக்கிட்டுக் காட்டாத விளையாட்டைப் பாவனை என்றல் பொருந்தாது. ஆனால் உச்சத்திற்குப் பின்னர்ப் பிடிப்பு எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதே நுட்பமான இடம். மெல்லக் குறைவதனை ஒரே நொடியில் அற்றுப்போவதாக அமைத்தால் விளையாட்டு கடினமாகும்; மெய்யாகாது.

இனி, ஓட்டுநர் அவ்வெல்லையை எவ்வாறு அறிகிறார்? முன் டயர் உச்சத்தை நெருங்கும்போது, ஸ்டீயரிங்கை நேர்நிலைக்கு இழுக்கும் விசை அவ்வுச்சத்திற்குச் சற்று முன்னரே தளர்கிறது. அத்தளர்ச்சி கைக்கு எச்சரிக்கை. பின் சக்கரம் நழுவத் தொடங்குவதனை இருக்கையின் வழியாக இடுப்பும் முதுகும் உணர்கின்றன. உடல் திரும்புவதனை உட்செவி உணர்கிறது. கண் காணுமுன் உடல் அறிந்துவிடுகிறது. தமிழில் ‘மெய்’ என்னும் ஒரு சொல்லே உடலையும் உண்மையையும் குறிக்கும். காரோட்டத்தைப் பொறுத்தவரை இது வெறும் சொல்லொற்றுமை அன்று. உண்மையை முதலில் அறிவது உடலே. மேசைமுன் அமர்ந்து ஆடுவோனுக்கோ கண்ணும் செவியும் கையும் உண்டு. மெய்யுணர்வின் பெரும்பகுதி இல்லை. எனவே வண்டியின் இயக்கத்தைப் பிழையின்றிக் கணக்கிட்ட விளையாட்டும், அதனை ஆடுவோனுக்கு அறிவிக்காவிடின், உண்மை வண்டியினும் கடினமாகிவிடுகிறது. மாமன் வளைவில் சுழன்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே விளையாட்டில் தோன்றும் கடுமையை மூன்றாகப் பகுக்கலாம். டயர், பளு முதலியவற்றின் இயல்பால் வருவது பொருட்கடுமை. உடல் உணராமையால் வருவது கருவிக்கடுமை. ஆடுவோரை அச்சுறுத்த ஆக்கியோர் வேண்டுமென்றே வைப்பது வலிந்த கடுமை. முதலாவது மட்டுமே மெய்ம்மையின் பாற்படும். செய்யுளிலும் இவ்வேறுபாடு உண்டு. பொருளின் ஆழத்தால் அரிதாகிய பாட்டும், திரிசொற்களை அடுக்கியதால் அரிதாகிய பாட்டும் ஒருதன்மையன அல்ல.

பாவனை விளையாட்டின் வரலாற்றில் இம்மூன்றும் கலந்தே கிடக்கின்றன. பாப்பிரஸ் நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ 1967ஆம் ஆண்டின் பந்தயங்களைப் பொருளாகக் கொண்டது. ஃபார்முலா ஒன் வண்டிகளில் காற்றழுத்த இறக்கைகள் தோன்றியது 1968இல். அதற்கு முந்திய ஆண்டின் வண்டிகள் ஆற்றல் மிக்கனவாயும் பிடிப்புக் குறைந்தனவாயும் இருந்தன. விளையாட்டின் கடுமைக்கு அதன் பொருளே பெருங்காரணம். ஆனால் அதனைப் போற்றியோருட் பலர் அக்கடுமையையே புகழ்ச்சிக்கு உரியதாக்கினர். காரணத்தை விட்டுக் காரியத்தைப் போற்றும் இவ்வழக்கே பின்னர்க் கொள்கையாயிற்று.

அக்கொள்கையினர் சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பி.எஸ். முதலிய துணைகளை எல்லாம் நீக்கி ஆடுதலே மெய்ம்மை என்பர். ஏ.பி.எஸ். பொருத்தப்பெற்று விற்கப்படும் காரில் அதனை நீக்கி ஓட்டுதல் மெய்ம்மை ஆகுமா? அசெட்டோ கோர்சாவில் இத்துணைகளுக்கு மூன்று நிலைகள் உண்டு: இல்லை, உண்டு, ‘ஃபேக்டரி’. மூன்றாவது, அவ்வவ் வண்டிக்கு உலகில் உள்ள துணையை மட்டுமே அளிப்பது. உலகியல் வழக்கை உணர்ந்தோர் கண்ட நெறி இது. கடுமையை விரும்புவோர் ‘இல்லை’ என்பதனைத் தேர்வர்; மெய்ம்மையை விரும்புவோர் ‘ஃபேக்டரி’ என்பதனைத் தேர்தல் வேண்டும்.

நாடக வழக்கும் இங்கு வேண்டப்படுவதே. சில விளையாட்டுகள் பின் சக்கரத்தின் நழுவலையும் ஸ்டீயரிங்கின் அதிர்வாக உணர்த்துகின்றன. டயரின் ஓலத்தை மிகுத்து ஒலிக்கின்றன. உண்மை வண்டியில் அவ்வதிர்வு அவ்விடத்தில் இல்லை என்று கூறி, இதனைப் பொய் எனக் கடிவாரும் உளர். முதுகு அறியவேண்டுவதனைக் கை அறியுமாறு மாற்றித் தருதல் பொய்யன்று. இல்லாத உறுப்பின் தொழிலை உள்ள உறுப்பிற்கு அளித்தல் அது. மேடையில் நடிகன் தனக்குள் பேசுவதனை அவையோர் கேட்கப் பேசுகிறான். அதனை எவரும் பொய் என்று எள்ளுவதில்லை.

கடுமை குறைந்த விளையாட்டும் உண்மை ஓட்டத்திற்குப் பயன்பட்டமைக்குச் சான்று உண்டு. 1997இல் ஜப்பானில் தோன்றிய ‘கிரான் டூரிஸ்மோ’ வரிசை, பாவனை விளையாட்டுகளுள் மிகக் கடினமானது என்று எவராலும் கூறப்படுவதில்லை. அதனைக்கொண்டு 2008இல் நடத்தப்பெற்ற தேர்வில் வென்ற ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஓர்டோனியெஸ், உண்மைப் பந்தய ஓட்டுநராகி, 2011இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். வளைவில் செல்லும் வழி, பிரேக் மிதிக்கும் இடம் ஆகியவை பற்றிய தீர்ப்பினை விளையாட்டு பயிற்றியிருத்தல் வேண்டும். எஞ்சியவற்றை உண்மை வண்டியிலேயே அவர் பயின்றார்.

பாவனை அளிக்கவல்லதும் அளிக்கமாட்டாததும் நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றாலும் விளங்கும். கோட்மாஸ்டர்ஸ் நிறுவனத்தின் ‘எஃப்1 2011’ அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அதில் கிரேட்டர் நொய்டாவின் புத் பந்தயத்தடம் இருந்தது. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயனும் ஓட்டுநருள் ஒருவராக இருந்தார். அத்தடத்தில் முதற் பந்தயம் நிகழ்ந்ததோ 30 அக்டோபர் 2011இல். பொருளுக்கு முன்னரே சாயல் தோன்றிற்று! 5.125 கிலோமீட்டர் நீளத் தடத்தின் 16 வளைவுகளையும் ஆடுவோர் முன்னரே அறிந்திருந்தனர். ஆனால் பந்தய வாரத்தில் ஓடுவழியின் இருமருங்கும் புழுதி படிந்திருந்தது. முதற் பயிற்சியின்போது நாய் ஒன்று தடத்தில் புகுந்து ஓட்டத்தைத் தடைசெய்தது. உலகின் கடுமை பெரும்பாலும் எதிர்பாராமையின் கடுமை. டயரின் பிடிப்பை எவ்வளவு குறைத்தாலும் அது விளையாட்டில் வந்துவிடாது.

மெய்ப்பாட்டியல் கூறும் எட்டனுள் பெருமிதத்தை இவ்விளையாட்டு நிறையத் தருகிறது, அச்சத்தைத் தரவில்லை. சுழன்ற வண்டி ஒரு பொத்தானை அழுத்தியதும் தொடக்கத்திற்கு மீள்கிறது. தொப்பூர் இறக்கத்தில் அத்தகைய பொத்தான் இல்லை. அங்கு வல்லவர் எனப்படுவோர் எல்லையைத் தொடுவோர் அல்லர். கீழ்க்கியரில் எஞ்சினின் தடையைக்கொண்டு மெல்ல இறங்கி, எல்லையை நெருங்காதோரே. பந்தயத் திறன் எல்லையில் வாழ்வது. சாலைத் திறன் எல்லைக்கு இப்பால் வாழ்வது. கடுமையே மெய்ம்மை என்று கற்ற இளைஞர், கடுமையான விளையாட்டை வென்றமையால் சாலையையும் வென்றதாகக் கருதக்கூடும். இத்திறனாய்வு வெறும் சொற்போர் ஆகாமைக்கு இதுவே காரணம்.

நாமக்கல்லை அடுத்த கொல்லிமலையின் பாவையைச் சங்கப் புலவர் தலைவிக்கு உவமையாக்கினர். பாவையே தலைவி என்று கொண்டாரல்லர். இன்று அம்மலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அச்சாலையை ஒருவர் கணினியில் அமைப்பின், அதுவும் ஓர் உவமையே. உவமையில் எல்லாப் பண்பும் ஒத்தல் வேண்டா. எப்பண்பு ஒத்தல் வேண்டும் என்பதனை அறிந்து தேர்தலே வேண்டும். ஆதலின் ஒரு பாவனை விளையாட்டை ஆராய்வோர், வண்டி எத்தனை முறை சுழன்றது என்று எண்ணுதலை விடுத்து, சுழலுமுன் அஃது என்ன சொல்லிற்று என்று வினவுதல் வேண்டும். சங்ககிரி ஓட்டுநர் வினவியது அதுவே.