திருவிழாவை நடத்துவது யார்? பேராக் தோட்டங்களும் ஈப்போ தைப்பூசமும்

ஜெர்மனியின் கொலோன் நகரில் கார்னிவல் பழைய வழக்கம். முகமூடி அணிந்து தெருவில் மனம்போல் ஆடிய கூட்டத்தை 1823இல் வசதிபடைத்த நகரத்தார் ஒரு குழு அமைத்து ஒழுங்குபடுத்தினர். இன்று நாம் காணும் ஊர்வலம் அந்தக் குழுவின் ஏற்பாட்டில் உருவானது.

மலேசியத் தமிழர் விழாக்களைப் பற்றிய ஆய்வுகளில் விழாவை யார் நடத்துகிறார் என்ற இந்தக் குழு அரசியல் குறைவாகவே பேசப்படுகிறது. எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் பினாங்குத் தைப்பூசத்தை ஆராய்ந்து 1997இல் எழுதிய நூல், காவடியை அதிகாரமும் அடக்குமுறையும் சூழ்ந்த வாழ்வோடு இணைக்கிறது. தாமே காவடி எடுத்த கார்ல் வடிவேல்லா பெல், 2017இல் வந்த நூலில், அதை முருக வழிபாட்டின் நீண்ட மரபுக்குள் வைக்கிறார். இருவர் பார்வையும் வேண்டியதே. ஆனால் இருவரும் காவடி சுமப்பவரை நோக்கியே நிற்கிறார்கள். விழாவைச் சுமப்பவர் பின்னால் போய்விடுகிறார்.

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில், விழாவை நடத்துவது யார் என்ற கேள்வி கூர்மையாகிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு நிலம், லீவு, அனுமதி எல்லாம் தோட்ட நிர்வாகியான துரை கொடுக்க வேண்டியிருந்தது. பல தோட்டங்களில் கோயில் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்தார்கள். கோயில் கமிட்டியில் கங்காணியும் (மேற்பார்வையாளர்) கிராணியும் (எழுத்தர்) இருப்பார்கள். முதல் மரியாதை மேலிடத்துக்கே போகும். அதே திருவிழாவில் பால்மரம் வெட்டும் ஒருவர் அருள் வந்து ஆடினால், அவரிடம் விபூதி வாங்க எல்லாரும் குனிய வேண்டும். ரஷ்ய அறிஞர் பக்தின் ஐரோப்பியக் கார்னிவலில் கண்ட மேல்-கீழ் மாற்றம் இங்கே அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் உண்டு. வரவு செலவு நோட்டு கிராணியின் மேசைக்கே திரும்பிவிடும்.

நகரத்தில் வேறொரு கட்டுப்பாடு வந்தது. 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்தபோது ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாட்டைத் தொடங்கிவைத்தார். அலகு குத்துவதும் தீமிதிப்பதும் நாகரிகத்துக்கு இழுக்கு என்ற குரல் அந்தக் காலத்துச் சீர்திருத்தவாதிகளிடம் வலுத்தது. 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கமோ காவடியை ஒழிக்கவில்லை. அதற்கு ஆகம ஒழுங்கைக் கற்பிக்க முயன்றது. வழிகள் வேறானாலும், பாமர பக்தியைப் படித்தவர் திருத்த வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் லயம் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்த மக்கள் நகரம் சேர்ந்தனர். புந்தோங் சுங்கை பாரியிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக்குச் செல்லும் ஈப்போ தைப்பூசக் காவடிகளில் அந்த இடப்பெயர்ச்சியும் நடக்கிறது. தோட்டம் மறைந்தபின்னும் பழைய கோயிலின் ஆண்டு விழாவுக்கு மட்டும் கூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே துரையும் கிராணியும் இல்லை; மேளம், பந்தல், அன்னதானம் எல்லாவற்றையும் முடிவு செய்வது அவர்களே.

ஆகவே அடுத்த ஆய்வு, காவடிகளுக்குப் பேர்பெற்ற பத்துமலைப் படிகளில் மறுபடியும் தொடங்க வேண்டியதில்லை. பேராக் தோட்டக் கோயில்களின் சந்தா நோட்டுகள், உபயப் பட்டியல்கள், திருவிழா அழைப்பிதழ்கள் ஆகியவற்றைத் திரட்டலாம். யார் பெயர் எந்த ஆண்டில் ‘தலைவர்’ என்று அச்சானது, பெண்கள் பெயர் எப்போது நுழைந்தது என்று பார்த்தாலே, கூலித் தொழிலாளர் தம் விழாவைத் தாமே நடத்தத் தொடங்கிய வரலாறு கிடைத்துவிடும்.