சேவென் மலையின் சரளைப் பாதைகள்

2024 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் ஒன்பதாம் கட்டத்தில், த்ருவா நகரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டப் பகுதியில் 14 துண்டுகளாக மொத்தம் 32 கிலோமீட்டர் வெள்ளைச் சரளையில் வீரர்களை ஓடவிட்டார்கள். புழுதி பறந்தது, தொலைக்காட்சிக்கு நல்ல விருந்து. ஆனால் பந்தயக்காரருக்குச் சரளை என்பது விழாமல் தாண்ட வேண்டிய ஒரு கண்டம், அவ்வளவுதான். சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதை ஒரு கலையாக ரசிக்க வேண்டுமானால் யாரும் கடிகாரம் பிடிக்காத இடத்துக்குப் போக வேண்டும். அங்கே முதலில் மெச்ச வேண்டியது ஓட்டுபவரின் தொடை வலிமையை அன்று. எந்தப் பாதையை எந்தப் பாதையோடு கோத்தார் என்பதைத்தான். பிரான்ஸின் தென்பகுதியிலுள்ள சேவென் மலைப்பகுதியைப் போல இதை நிரூபிக்கிற நிலம் குறைவு.

ஃப்ளோராக் என்ற சிற்றூரை நடுவில் வைத்துக்கொள்வோம். மூன்று வகைப் பாறைகள் அங்கே வந்து கூடுகின்றன. மேற்கே மெஜான் பீடபூமி, முழுக்கச் சுண்ணாம்புக்கல். வடகிழக்கே 1,699 மீட்டர் உயரமுள்ள லோசேர் மலை, கிரானைட். தெற்கிலும் கிழக்கிலும் ஷிஸ்ட் எனப்படும், பலகை பலகையாகப் பிளக்கும் பாறை. மூன்றையும் ஒரே நாளில் தொட்டுவிடலாம். சுண்ணாம்புப் பீடபூமியில் மழைநீர் கல்லிடுக்கு வழியே உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் ஆட்டு மந்தைகளுக்காக ஆயர்கள் கல் பாவிய குட்டைகள் கட்டினார்கள். மேலே தங்குவது காய்ந்து வெளுத்த கூர்ஞ்சரளை. டயரின் பக்கவாட்டைக் கிழிப்பது அதுதான். கிரானைட் உதிர்ந்து பெருமணலாகிறது. வளைவில் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் நழுவும். ஷிஸ்ட் சில்லுகள் வெயிலில் சலசலக்கும், ஈரத்தில் வழுக்கும். தார்ச்சாலை இந்த வேறுபாட்டையெல்லாம் ஒரே கறுப்பால் மூடிவிடுகிறது. கண்ணால் பார்த்து வியக்கிற நில அமைப்பை உள்ளங்கையாலும் அறிய வைப்பது சரளைதான்.

கல்லைவிடச் சுவையானது சரிவு. ஒரு பாதையின் ஏற்றம், அதைப் போட்டவர் யார் என்று சொல்லிவிடும். கோடையில் மந்தைகளை மலைமேல் ஓட்டிச் செல்லும் பழைய வழிகளுக்கு அங்கே டிராய் என்று பெயர். ஆடு சரிவுக்கு அஞ்சாது, ஆகவே டிராய் வளைந்து நெளியாமல் மலைமுதுகில் நேராக ஏறும்; பல இடங்களில் சைக்கிளை இறங்கித் தள்ளத்தான் வேண்டும். 1702 முதல் 1704 வரை நடந்த கமிசார் புராட்டஸ்டன்ட் கிளர்ச்சிக் காலத்தில், அரசப் படைகள் போய்வர மலைமுகட்டுச் சாலையை அகலப்படுத்தினார்கள். வண்டிக்கும் குதிரைக்குமான அந்தச் சாலை உயரத்தை ஏறிப் பிடித்துவிட்டு, பிறகு முகட்டோடு அதை விடாமல் ஓடும். இன்று அதில் தார் போட்டிருந்தாலும் இரு பள்ளத்தாக்குகளையும் மேலிருந்து கண்காணிக்கும் படையின் பார்வை அதன் போக்கில் அப்படியே இருக்கிறது. 1909இல் திறந்து 1968இல் மூடிய ஃப்ளோராக் மீட்டர்கேஜ் ரயில்தடமோ மிமாந்த் ஆற்றை ஒட்டி, நீராவி எஞ்சினுக்குத் தோதாக, ஏறுவதே தெரியாமல் ஏறுகிறது. அதில் ஒரு பகுதி இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான வழி. ஆடு, படை, ரயில் என்று வெவ்வேறு தேவைகளுக்காக உண்டான இந்த வழிகளை ஒரே நாளில் கோத்துப் பார்க்க வாய்ப்பது சரளைக்கென்று வந்த அகல டயர்ச் சைக்கிளில்தான். நல்ல ஓட்டம் என்று நான் மதிப்பது இந்தக் கோவையை. 1 சென்டிமீட்டருக்கு 250 மீட்டர் காட்டும் பிரெஞ்சு அரசு நிலப்படத்தை முந்தின இரவு விரித்துவைத்து, சமஉயரக் கோடுகளை விரலால் தொடர்கிறவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

இதெல்லாம் கடைக்காரர்கள் கிளப்பிவிட்ட மோகம், பந்தயச் சைக்கிளும் மலைச் சைக்கிளும் விற்று ஓய்ந்ததும் மூன்றாவதாக ஒன்றைத் தலையில் கட்டுகிறார்கள் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பாதி உண்மை. அமெரிக்காவின் கான்சாஸில் 2006இல் தொடங்கிய நெடுந்தூரச் சரளைப் பந்தயத்துக்குப் பிறகுதான் சரளைச் சைக்கிள் என்ற பெயரும் அதன் விலையும் சூடு பிடித்தன. இன்று கேட்கும் விலை சில சமயம் அநியாயம். ஆனால் ரசனை பழையது, அதுவும் பிரெஞ்சு மண்ணில் விளைந்தது. செந்த் எத்தியென் நகரத்தில், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் த விவி, 1887இல் சைக்கிளுக்கென்று இதழ் தொடங்கி, மலை ஏறப் பல கியர்கள் வேண்டும் என்று ஆயுள் முழுக்க வாதாடினார். டூர் டி பிரான்ஸை நடத்திய ஆன்றி தெக்ராஞ்சு கியரைக் கிழவர்களுக்கான வசதி என்று கருதியவர். அந்தப் பந்தயத்தில், ஓடும்போதே சங்கிலியை வேறு பல்சக்கரத்துக்கு மாற்றும் டெரெய்லர் கியர் அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். அதற்கு முன் வீரர்கள் கியர் மாற்ற மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். அகல டயர் விஷயத்திலும் இதே கதை. ரெனே ஏர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பட்டறைகள் 20ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே 584 மில்லிமீட்டர் ரிம்மில் தடித்த, மென்மையான டயர் பூட்டிச் சுற்றுலாச் சைக்கிள்கள் செய்தன. அதே அளவு ரிம்தான் புதுச் சரக்காக இன்றைய கடைகளுக்குத் திரும்பியிருக்கிறது.

டயர் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கல்லென்று காற்றடைத்தால்தான் வேகம் என்ற நம்பிக்கை சரளையில் செல்லாது. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறுகிறது. எகிறும் ஒவ்வொரு முறையும் முன்னே செல்ல வேண்டிய விசை மேலே போய் ஓட்டுபவரின் உடம்பைக் குலுக்கி வீணாகிறது. 40 மில்லிமீட்டர் டயரில் 30, 35 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றடைத்தால் அது கல்லை விழுங்கிக்கொண்டு உருளும். செங்குத்தில் எழுந்து நின்று மிதிக்காமல், பின்சக்கரத்தின் மேல் பாரம் இருக்கும்படி உட்கார்ந்தே ஏறுவதும், இறக்கத்தில் வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொள்வதும் இந்தக் கலையின் இலக்கணம். பழகிய ஓட்டுநரைப் பார்த்தால் அவர் ஒன்றும் செய்யாதது போல இருக்கும்.

நடந்து போனால் இன்னும் நன்றாகப் பார்க்கலாமே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1878இல் மொதெஸ்தீன் என்ற கழுதையோடு இந்த மலைகளைக் கடந்தார், 12 நாள் ஆனது, புத்தகமும் கிடைத்தது. நடைக்குப் பூவும் பூச்சியும் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுண்ணாம்பு முடிந்து கிரானைட் தொடங்குவதை, கஷ்கொட்டை மரங்கள் போய்ப் புல்வெளி வருவதை உடம்பு ஒப்பிட வேண்டுமானால், காலையில் கண்டது மாலையிலும் நினைவில் சூடாக இருக்க வேண்டும். நடையில் அந்தத் தொடர்ச்சி நாட்களாகச் சிதறிவிடுகிறது; காரில் சரிவே தெரிவதில்லை.

நான் எளிதில் தள்ள முடியாத மறுப்பு இன்னொன்று. இந்த அமைதி யாருடைய இழப்பு? ஃப்ளோராக் இருக்கும் லோசேர் மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமார் 1,40,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 80,000க்கும் குறைவு. ரயில் நின்றதும், கஷ்கொட்டைத் தோப்புகள் காடானதும், பள்ளிகள் மூடியதும் சேர்ந்துதான் வெளியூர்க்காரர் மெச்சும் வெறிச்சோடிய பாதையை உண்டாக்கின. இதை மறந்து அமைதியைப் புகழ்வது அழகில்லை. ஆனால் பாதை, புழங்காவிட்டால் சில ஆண்டுகளில் புதரில் மறையும். 2011இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, இங்கே மேய்ச்சல் வாழ்க்கை இன்னும் நடப்பதற்காகவே. சைக்கிளில் வருபவர் கிராமத்தில் சாப்பிட்டு, தங்கி, ரொட்டி வாங்கினால் அந்த வாழ்க்கைக்கு ஒரு சிறு கை கிடைக்கும். அதற்கு மேல் பெருமை கொண்டாட இடமில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மே, ஜூன் மாதங்கள் நல்லவை, இலையுதிர் காலத்தில் மத்தியதரைக் கடலிலிருந்து வரும் பெருமழை ஒரே இரவில் ஓடைகளைப் பெருக்கிவிடும். வேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுச் செல்லுங்கள். மந்தையைக் கண்டால் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போங்கள். காவலுக்கு நிற்கும் பெரிய வெள்ளை நாய்களுக்கு, வேகமாக வரும் எதுவும் எதிரிதான்.