‘சந்தோசம்’: உடன்பிறந்தார் இருவரின் இசையும் அதன் தமிழும்

ஈழத்துத் தமிழரிடையே ‘பொப் இசை’ எனப் பெயர்பெற்றதை விமர்சன நோக்கில் அணுகிய எழுத்துக்கள் மிகச் சிலவே. கருநாடக சங்கீதம் ஆராயப்படுகின்றது. நாட்டார் பாடல்கள் தொகுக்கப்படுகின்றன. கூத்து பல்கலைக்கழக மேடைவரை வந்து சேர்ந்துவிட்டது. கிற்றாரும் பைலாத் தாளமும் பேச்சுத்தமிழும் கலந்து பிறந்த பாடல்கள் மட்டும் கலியாண வீட்டுக் கேளிக்கைக்குரியன என ஒதுக்கப்பட்டன. இதன் விளைவாக, அம்மரபின் தூரத்து உறவு எனத்தக்க படைப்பொன்று ஐரோப்பாவிலிருந்து வரும்பொழுது, அதனை எடைபோடும் அளவுகோலின்றி, ‘நம் பிள்ளை உலகத்துக்குப் பாடுகின்றாள்’ என்ற பெருமிதத்துடன் நின்றுவிட நேர்கின்றது. 2023 ஒக்டோபரில் வெளிவந்த பிரியா ராகுவின் ‘சந்தோசம்’ என்னும் இசைத்தொகுப்பு பெருமிதத்துக்கு அப்பாலும் செவிமடுக்கப்பட வேண்டியதொன்றாகும்.

பிரியா ராகு, இலங்கையிலிருந்து அகதிகளாகச் சென்ற தமிழ்ப் பெற்றோருக்குச் சுவிற்சர்லாந்தின் சென்ற் கேலன் நகரிற் பிறந்தவர். தொகுப்பின் முகப்பில் அவர் பெயரே நிற்பினும், இது உண்மையில் இருவர் ஆக்கம். தாளக்கட்டையும் ஒலிக்கோவையையும் அமைப்பவர் ‘ஜப்னா கோல்ட்’ என்னும் புனைபெயருடைய அவரது சகோதரர். தமது பாணிக்கு இருவரும் இட்ட பெயர் ‘ராகுவேவி’; குடும்பப் பெயரையே இசைவகையின் பெயராக்கிய துணிவு இரசிக்கத்தக்கது. தந்தையார் அமைத்த குடும்ப வாத்தியக் குழுவில், தமிழர் ஒன்றுகூடல்களிலே சினிமாப் பாடல்களை இசைத்து இருவரும் பயின்றனர். விமான நிறுவனமொன்றிற் பணியாற்றியவாறே பாடிவந்த பிரியாவின் ‘குட் லவ் 2.0’ என்ற பாடல் 2020இல் ‘பீபா 21’ என்ற கணினி உதைபந்தாட்டத்தில் இடம்பெற்றுப் பரவலாகியது. 2021இல் ‘டாம்ஷீஸ்தமில்’ என்ற முதற்றொகுப்பு வந்தது; ‘அட, இவள் தமிழிச்சி’ என்று பிறர் வியப்பதையே தலைப்பாக்கியது அது.

இரண்டாவது தொகுப்பின் தலைப்பிலும் நுண்ணியதொரு செய்தி உண்டு. உரோம எழுத்தில் அச்சிடப்பட்ட அச்சொல்லில் வடமொழி ‘ஷ’கரத்துக்குரிய எழுத்து இல்லை, தனி ‘எஸ்’ மட்டுமே உள்ளது. அதாவது ‘சந்தோஷம்’ அன்று, ‘சந்தோசம்’. இது யாழ்ப்பாணத்து வீட்டுக் குசினியில் ஒலிக்கும் சொல். தாயின் வாயிலிருந்து நேரே அட்டைப்படத்துக்கு வந்த சொல். ஆயின் அதே தொகுப்பில் ‘ஆடலாம் வா’ என்றொரு பாடலும் இருக்கின்றது. அக்குசினியில் எவரும் ‘ஆடலாம் வா’ என அழைப்பதில்லை. ‘ஆடுவம் வா’ என்பதே அங்கு இயல்பான அழைப்பு. ‘ஆடலாம்’ சென்னைத் திரைப்படத்தின் அழைப்பு. ஓர் எழுத்தில் வீடும் ஒரு விகுதியிற் சினிமாவும் வெளிப்படுகின்ற இவ்விரட்டை நிலையே இவ்விருவரது கலையின் அடிப்படைப் பிரச்சினை எனலாம்.

இதன் காரணம் தெளிவானது. சென்ற் கேலனில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளையைச் சென்றடைந்த தமிழ் இசை ஒலிநாடாவிலும் வீடியோவிலும் வந்த திரையிசையே. அளவெட்டித் தவிலோ வட்டுக்கோட்டைக் கூத்தோ அன்று. எனவேதான் சகோதரர் தம் பெயரிலே யாழ்ப்பாணத்தைச் சூடியிருந்தும், அவரமைத்த தாளங்களிற் கேட்பது பெரும்பாலும் கோடம்பாக்கமும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘ஆர் அன்ட் பீ’யும் ஆகும். யாழ்ப்பாணம் இங்கு பெயராக இருக்கின்றதேயன்றி ஓசையாக இல்லை. 

நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ இதற்கு நேர்மாறானது. அதன் இசை இரவல். பைலாவும் கிற்றாரும் போர்த்துக்கேயர் வழியும் மேற்கின் வழியும் வந்தவை. மொழியோ ஊர்ப் பேச்சு, கேலியும் உறவுமுறையும் நிறைந்த பேச்சு. ‘சுராங்கனி’யைத் தமிழகம்வரை எடுத்துச் சென்ற ஏ. ஈ. மனோகரனிடம் சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் வந்தன. அவர்களிடம் இசை வெளியிலிருந்து வந்தது, மொழி உள்ளேயிருந்தது. ராகு உடன்பிறந்தாரிடம் மொழியும் வெளியிலிருந்தே வருகின்றது.

அவ்வாறாயின் எம்மொழி? இதுவே பெரிதும் சிந்திக்கத்தக்கது. இத்தொகுப்பிற் பெரும்பாலான பாடல்களின் மொழி ஆங்கிலம். அது பெற்றோரின் மொழியுமன்று. பள்ளியிலும் தெருவிலும் வழங்கும் சுவிஸ் ஜேர்மனும் அன்று. சந்தையின் கட்டாயம் என்று இதனை எளிதிற் கூறிவிடலாம். ‘வோர்ணர்’ போன்ற பெருநிறுவனத்தின் ஊடாக வரும் இசையில் அக்கட்டாயம் இல்லையென எவரும் வாதிடார். எனினும், வீட்டில் ஒரு மொழிக்கும் வெளியில் ஒரு மொழிக்கும் கணக்குக் கொடுக்கவேண்டிய பிள்ளைக்கு, எவருக்கும் கணக்குக் கொடுக்கத் தேவையற்ற மூன்றாம் மொழி ஒரு விடுதலையுமாகலாம். வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை காலி வீதியிற் பயணிக்கும் தமிழ் இளைஞன் வீட்டிலே தமிழும் பேருந்திலே சிங்களமும் பேசிவிட்டுக் காதற் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவதன் உளவியலும் இதற்கு மிக அண்மித்ததே. 

அம்மூன்றாம் மொழி உணர்வைத் தாங்கும் இடங்களில் இவ்விருவரும் சிறக்கின்றனர். கறுப்பின மக்கள் எதிர்கொள்ளும் ஒடுக்குமுறையைப் பொருளாகக் கொண்ட ‘பிளாக் கூஸ்’ அத்தகையது; தன் தோல் நிறத்தால் தானும் அடையாளங் காணப்படும் ஒருத்தியின் குரலில் அது இரவற் கோபமாக ஒலிக்கவில்லை. ஆயினும், முதற்றொகுப்பிலிருந்த ‘கமலி’யின் உயரத்தைப் புதிய தொகுப்பு எட்டவில்லை. மாமல்லபுரத்திற் சறுக்குப்பலகை ஓட்டிய சிறுமியொருத்தியையும் அவளைத் தனித்து வளர்த்த தாயையும் பற்றிய ஆவணப்படத்தின் தூண்டுதலிற் பிறந்த பாடல் அது. அங்கே பெண்ணொருத்தியின் வாழ்க்கை இருந்தது. குரல் அவளை நோக்கிச் சென்றது. ‘ஆடலாம் வா’வில் அழைக்கப்படுபவர் எவரெனத் தெரியவில்லை. தாளம் அழைக்கின்றது, உடல் அசைகின்றது, அவ்வளவே. தமிழ்ச்சொல் அங்கே பொருளுக்காகவன்றி மணத்துக்காகத் தூவப்பட்டிருக்கின்றது, கறிக்கு மேல் இட்ட கறிவேப்பிலைபோல.

இக்குறையைச் சுட்டும் உரிமை கொழும்புக்கு எவ்வளவு உண்டு என்பதும் கேட்கப்பட வேண்டியதே. கல்கிசைக்குத் தெற்கே மொறட்டுவையில், சுனில் பெரேரா, பியல் பெரேரா என்ற உடன்பிறந்தாரின் ‘ஜிப்சீஸ்’ குழு அரை நூற்றாண்டாகச் சிங்களப் பேச்சு மொழியிலேயே நையாண்டியும் நடனமும் கலந்து பாடியது. 2021இற் சுனில் மறைந்த பின்னரும் அக்குழு நின்றுபோகவில்லை. தமிழ்ப் பொப் இசைக்கோ அத்தகைய தொடர்ச்சி வாய்க்கவில்லை. 1983 ஆடிக் கலவரமும் அதன்பின் வந்த போரும் பாடியோரையும் கேட்டோரையும் சிதறடித்தன. எஞ்சியோரின் கலியாண மண்டபங்களை நிரப்பியது சென்னையின் திரையிசை. சென்ற் கேலனிற் குடும்பக் குழுவொன்று ஒத்திகை பார்த்த அதே பாடல்களையே வெள்ளவத்தை மண்டபங்களின் குழுக்களும் ஒத்திகை பார்த்தன. அக்குழுக்களிலிருந்து, ‘சந்தோசம்’ என்ற சொல்லைத் தன் வீட்டு உச்சரிப்பில் அட்டையிற் பொறித்த தொகுப்பொன்று இன்னும் வெளிவரவில்லை.