உலர்ந்த செடியில் ஊரைப் பார்ப்பது எப்படி?

கல்லூரி ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்செடித் தொகுப்பகத்துக்கு, முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புவார்கள். இரும்பு அலமாரி, பூச்சிமருந்து நெடி, தடித்த தாளில் தைத்து ஒட்டிய பழுப்புச் சருகு. அழகைத் தேடினால் அவ்வளவுதான். அங்கே பார்க்க வேண்டியது ஊரை.

அதனால் சென்னை அடையாற்றில் தொடங்குங்கள். உடைந்த பாலத்துப் பக்கம், ஆறு கடலைத் தொடும் மணலில் அடும்பையும் ராவணன் மீசையையும் தேடுங்கள். அடும்பின் ஊதாப் பூவையும், ஆட்டுக்குளம்பு போலப் பிளந்த இலையையும் நன்றாகப் பார்த்துவையுங்கள். பிறகு மாநிலக் கல்லூரிக்கோ தாம்பரம் கிறித்தவக் கல்லூரிக்கோ முன்கூட்டி எழுதி, தாவரவியல் துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு போய், அதே செடிகளின் தாள்களைக் கேளுங்கள்.

அடும்பின் ஊதா வடிந்திருக்கும்; இலையின் பிளவு அப்படியே இருக்கும். ராவணன் மீசை உயிரோடிருக்கும்போதே காய்ந்த தோற்றம்தான், தாளில் ஏறியும் பெரிதாக மாறாது. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. முள்ளுருண்டையாகக் காற்றில் ஓடுவது பெண். தாளில் இருப்பது எது? நல்ல சேகரிப்பாளர் இரண்டையும் எடுத்திருப்பார்.

அடுத்து வலது கீழ்மூலை லேபிள். பெயர், இடம், தேதி, எடுத்தவர், அவருடைய வரிசை எண். உலர்ந்தால் போய்விடும் நிறத்தையும் மணத்தையும் சிலர் குறித்திருப்பார்கள். எனக்குப் பிடித்தவர்கள் அவர்கள்தான். பின்னால் வந்தவர் பெயரைத் திருத்தினால் பழைய லேபிளைக் கிழிப்பதில்லை, பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டுவார். சில தாள்களில் தலைமுறை தாண்டிய வாக்குவாதமே நடந்திருக்கும்.

ஓர் இலையாவது அடிப்புறம் தெரியப் புரட்டி ஒட்டியிருக்கிறதா, உதிர்ந்த விதைக்குக் காகித உறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியவரின் அக்கறை அதில் தெரியும். பழைய தாள்கள் பல, பூச்சி அரிக்காமலிருக்கப் பாதரச நஞ்சில் நனைத்தவை. தொட நேர்ந்தால் கை கழுவாமல் மெரினா பஜ்ஜிக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

சென்னையில் செடி சேகரிக்கும் வேலை கல்லூரிகளுக்கு முந்தியது. 1690-களில் புனித ஜார்ஜ் கோட்டை மருத்துவர் சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரச் செடிகளைத் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்பவர் அவற்றை விவரித்து அச்சிட்டார். கோட்டை மருத்துவர் அனுப்பிய செடிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்லோன் தொகுப்பில் இருக்கின்றன. சென்னை நகரத்தின் பூக்கும் செடிகளைப் பற்றி பி.வி. மயூரநாதன் எழுதிய நூலை எழும்பூர் அருங்காட்சியகம் 1929-ல் வெளியிட்டது. நூலகத்தில் கிடைத்தால் தாள்களோடு சேர்த்து வாசியுங்கள்.

நேரமிருந்தால் ஒரே செடியின் எல்லாத் தாள்களையும் வரிசையாகப் பார்த்து, இடத்தையும் மாதத்தையும் மட்டும் படித்துக்கொண்டே போங்கள். எந்த மாதத் தாள்களில் பூ, எதில் காய் என்பது பிடிபடும். நடுவில் ‘அடையாறு’ என்று ஒன்று வந்தால் மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே மாதத்தில் அதே கரையில் தேடிப் பாருங்கள். செடி இல்லையென்றால், அங்கே கட்டடம் வந்ததா, தண்ணீர்தான் மாறியதா என்று பக்கத்திலுள்ள ஊரூர்க் குப்பத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள்.